தாலினில் மாட்டிய தலை

ஒரு ஊரைப் பற்றிப் புத்தகத்தில் படித்துவிட்ட ஆளை அந்த ஊருக்கு அழைத்துக்கொண்டு போகவே கூடாது. ஒன்றும் தெரியாதவன் பேசாமல் நடப்பான், பேசாமல் பார்ப்பான், பேசாமல் வீடு திரும்புவான். படித்தவன் அப்படியில்லை. ஒவ்வொரு சுவருக்கு முன்னாலும் நின்று, அதைக் கட்டியவர்கள் யார், இடித்தவர்கள் யார் என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வான். கூட வந்தவர்கள் கழிப்பறை தேடித் தவித்துக்கொண்டிருப்பது அவன் கண்ணில் படாது. (நான் இதில் எந்த வகை என்று இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.)

அது 1999-ஆம் வருடத்துக் கோடை. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பைத்தியம் பிடித்துவிடும் என்று பெரிய பெரிய மனிதர்களே நம்பிக்கொண்டிருந்த காலம். அந்தப் பயத்தின் புண்ணியத்தில்தான் என்னைப் போன்றவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்டில் குடியிருந்த என்னை, என் கம்பெனி ஃபின்லாந்துக்கு அனுப்பியது. ஹெல்சின்கியில் ஒரு வாடிக்கையாளரின் கம்ப்யூட்டர்களுக்குப் பைத்தியம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தங்க வீடு தருகிறோம், குடும்பத்தோடு போகலாம் என்றார்கள்.

குடும்பம் என்றால் அப்போது நான், மனைவி கீதா, ஐந்து வயது மகள் திவ்யா மட்டுமில்லை. கீதாவின் அப்பாவும் அம்மாவும் ஈரோட்டிலிருந்து பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தார்கள். அவர்களையும் அழைத்துக்கொண்டேன்.

என் மாமனார் ஈரோடு கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். நீதிபதிகள் வருவார்கள், போவார்கள். கோர்ட்டைக் கட்டிக் காத்தது தானே என்பது அவர் எண்ணம். அதனால் எதைப் பார்த்தாலும் அதில் வாதி யார், பிரதிவாதி யார் என்றுதான் முதலில் யோசிப்பார். மாமியாருக்குக் கவலை ஒன்றே ஒன்று: மாப்பிள்ளை வேளாவேளைக்குச் சாப்பிட்டாரா?

இன்னொருவரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் ஆபீசில் நான் வேலை செய்தது பாவோ என்ற மேனேஜரிடம். ஆறடிக்கு மேல் உயரம். காலையில் "ஹலோ", மாலையில் "பை". இடையில் பேசினால் யாரோ வரி போடுவார்கள் என்பது போல இருப்பார். அவருக்கு என்னைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

ஹெல்சின்கியிலிருந்து கடலைத் தாண்டினால் எஸ்டோனியாவின் தலைநகர் தாலின். காலையில் கப்பலேறிப் போய், மாலைக் கப்பலில் திரும்பிவிடலாம். மதிலுக்குள்ளே இடைக்காலத்து ஊர் ஒன்று அப்படியே இருக்கிறது. பிளெய்ன்ஸ்பரோ நூலகத்தில் அந்தப் பக்கத்துத் துறைமுக நகரங்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகத்தை ஏற்கெனவே கரைத்துக் குடித்திருந்தேன். கீதா மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, அங்க ஒரு கைடு வெச்சுக்கலாமுங்களா?"

"கைடா? நான் எதுக்கு இருக்கேன்?"

(கொங்கு நாட்டுப் பெண்ணைக் கட்டியவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கோபத்தில்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள். திட்டு என்று புரியவே கொஞ்சம் நேரமாகும்.)

சனிக்கிழமை காலை தாலினில் இறங்கினோம். ஊருக்குள் நுழையும் இடத்தில் உருண்டையாக இரண்டு கோபுரங்கள். ஐஸ்கிரீம் கோனைக் கவிழ்த்து வைத்தது போலச் சிவப்பு ஓட்டுக் கூரை. அங்கேயே ஆரம்பித்துவிட்டேன். வணிகர்கள், சங்கங்கள், உப்பு வியாபாரம், முற்றுகை. பெரியவர்கள் இருவரும் கால் மாற்றிக் கால் நின்று கேட்டார்கள். திவ்யா மட்டும், "அப்பா, இஸ் இட் ஓவர்?" என்றாள்.

தெருவெல்லாம் உருண்டைக் கல் பாவியிருந்தார்கள். மாமியாரின் செருப்பு ஒவ்வொரு கல்லிலும் வழுக்கியது.

"இத்தன பெரிய ஊரு கட்டியிருக்கறாங்க, ஒரு வண்டி தாரு வாங்கி ஊத்தக் கூடாதுங்களா?"

"அத்தை, இது அறுநூறு வருஷத்துக் கல்லு."

"அதானுங்க சொல்றேன். இத்தன வருஷமா ஊத்தாம இருக்கறாங்க."

மேலே கோட்டைக் குன்றுக்கு ஏறும் பாதைக்கு 'நீளக்கால்' என்று பெயர்; இறங்கும் படிப்பாதைக்குக் 'குட்டைக்கால்'. நான் பெருமையாக மொழிபெயர்த்தேன். மாமனார் நின்று யோசித்தார். "நீளக்கால்ல ஏறிக் குட்டைக்கால்ல எறங்குனா நொண்டிக்கிட்டுத்தானுங்க வரோணும்" என்றார். எங்களுக்குப் பின்னால் வந்த யாரோ ஒரு அம்மாள், மொழி புரியாமலே, அவர் சிரித்ததைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நான் அடுத்த நூற்றாண்டுக்குப் போயிருந்தேன்.

குன்றிலிருந்து இறங்கி நகர மண்டபத்துச் சதுக்கத்துக்கு வந்தோம். மண்டபத்தின் கூரை ஓரத்தில் டிராகன் தலை ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நீட்டியிருந்தது. தீய சக்திகள் ஊரை அண்டாமல் இருக்க அதை வைத்தார்கள் என்று விரிவாக விளக்கினேன். கீதா அங்கிருந்த பலகையைப் படித்துவிட்டு, "மழத்தண்ணி வடியறதுக்குங்க" என்றாள். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தும் ஜாதி இல்லை நான்.

சதுக்கத்தில் அன்றைக்குப் பழங்காலச் சந்தை ஒன்று போட்டிருந்தார்கள். அந்தக் கால உடையில் பெண்கள் சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாம் விற்றார்கள். கொல்லன் பட்டறை, தோல் பைகள், புல்லாங்குழல். அதன் ஒரு மூலையில் அது நின்றது. இரண்டு கால்கள் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு தடித்த பலகைகள். கழுத்துக்கு ஒரு ஓட்டை, கைகளுக்கு இரண்டு ஓட்டை. பக்கத்தில் கறுப்பு முகமூடி போட்ட, தாடி வைத்த, வயிறு பெருத்த ஒருவர். அந்தக் காலத்துத் தண்டனைக்காரர் வேடம். அவர் பெயர் தெரியாததால் எங்கள் வீட்டில் அவருக்குத் 'தலைவெட்டி' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மாமனாருக்கு முகம் மலர்ந்தது. அன்று காலையிலிருந்து அவருக்குப் புரிந்த முதல் பொருள் அதுதான். "இது நம்ம பக்கத்துத் தொழுமரமுங்க, மாப்ள. அது காலுக்கு, இது கழுத்துக்கு."

"ஆமா மாமா. எடையில ஏமாத்தின ரொட்டிக்கடைக்காரன், ஊர்வம்பு பேசினவன், எல்லாரையும் இதுல மாட்டி நடுச்சந்தையில நிறுத்துவாங்க. இதுல அடி உதை கிடையாது மாமா. பத்துப் பேர் பாக்கற அவமானம் இருக்கு பாருங்க, அதுதான் தண்டனை!"

இந்த வாக்கியத்தை நான் எவ்வளவு ரசித்துச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

சொன்னதோடு நிற்காமல், "கீதா, ஒரு போட்டோ எடு" என்று குனிந்து கழுத்தை வைத்துவிட்டேன். தலைவெட்டி மேல்பலகையை இறக்கினார். வலது பக்கம் கீல், இடது பக்கம் கொக்கி. கொக்கியில் பழைய பூட்டு ஒன்று அழகுக்குத் தொங்கியது. எனக்கு அது பொறுக்கவில்லை. ஆங்கிலத்தில், "பூட்டுங்கள், நிஜம் போல இருக்கட்டும்" என்றேன்.

"பூட்டு பழையது. பார்க்க மட்டும்" என்றார் அவர், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

"பரவாயில்லை, பூட்டுங்கள்!"

பூட்டினார். நான் முகத்தில் ஒரு பழங்காலத்துச் சோகத்தை வரவழைத்துக்கொண்டேன். கீதா கேமராவைக் கண்ணில் வைத்தாள். பொத்தான் அழுந்தவில்லை. எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"ஏனுங்க, ரோல் முடிஞ்சிருச்சுங்க."

சரி, கிளம்பலாம் என்றேன். தலைவெட்டி சாவியைப் போட்டுத் திருகினார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகத் திருகினார். 'டிங்' என்று ஒரு சத்தம். பாதிச் சாவி அவர் கையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எஸ்டோனிய மொழியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதற்கு அர்த்தம் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பூட்டைக் கல்லால் தட்டிப் பார்த்தார். நான் அலறியதும் நிறுத்தினார். ரம்பம் கொண்டு வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் போய் மறைந்தார். அவர் போனதும், காத்திருந்தது போல மழை பிடித்துக்கொண்டது.

சதுக்கத்தில் இருந்த ஜனமெல்லாம் ஓடி, நகர மண்டபத்தின் வளைவுகளுக்குக் கீழே ஒதுங்கியது. அங்கே அவர்களுக்குப் பொழுதுபோக எதிரே இருந்தது நான் ஒருவன்தான். கைகள் இரண்டும் பலகைக்குள் இருந்ததால் மூக்கில் வழிந்த தண்ணீரைக்கூடத் துடைக்க முடியவில்லை. அந்த டிராகன் வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கீதா சொன்னது சரிதான்.

என் குடும்பம் என்னைச் சுற்றி நின்று ஆலோசனை நடத்தியது. மாலைக் கப்பலைப் பிடித்தாக வேண்டும். எங்களுக்குக் கிடைத்த விசா அன்று ஒரு நாளுக்குத்தான். தவறவிட்டால் யாருக்கு என்ன பதில் சொல்வது? அதற்கு மேல், திங்கட்கிழமை காலை எங்கள் சிஸ்டத்துக்குப் பெரிய சோதனை வேறு; நான் இல்லாமல் நடக்காது.

மாமனார் தொண்டையைச் செருமினார். "அம்மிணி, நாம நாலு பேரும் ஷிப்புக்குப் போயிரலாம். மாப்ள பொறவு வரட்டும்."

"அப்பா! அவரு இந்தக் கோலத்துல எப்படிங்கப்பா வருவாரு?"

"அதுக்கில்ல. ஒருத்தரு மாட்டுனா எல்லாரும் மாட்டோணும்னு சட்டமில்லயே."

மாமியார் இந்த வாதத்தில் கலந்துகொள்ளவில்லை. பையைத் திறந்து எலுமிச்சைச் சாத டப்பாவை எடுத்தார். "மாப்ள காத்தால சரியாவே சாப்பிடல. பசி தாங்க மாட்டாரு. ஆ காட்டுங்க."

"அத்தை, வேணாம் அத்தை. எல்லாரும் பாக்கறாங்க."

"பாத்தா பாக்கட்டும். பசிக்கறது அவிங்களுக்கா?"

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு கையில் குடை, மறுகையில் உருண்டை. பட்டுப்புடவையில் மாமியார். தொழுமரத்தில் மாப்பிள்ளை. மழையில் எலுமிச்சைச் சாதம். ஒரு வேர்க்கடலை தவறி விழுந்ததைப் பொறுக்க ஒரு புறா வந்து காலடியில் நின்றுகொண்டது. வளைவுக்குக் கீழே இருந்து கேமராக்கள் மின்னின. அன்றைய தினம் எத்தனையோ தேசத்து வீட்டு ஆல்பங்களில் நான் இடம்பிடித்தேன். எங்கள் வீட்டு ஆல்பத்தில் மட்டும் அந்தப் படம் கிடையாது.

மழை கொஞ்சம் விட்டதும் ஒரு சுற்றுலாக் கூட்டம் நேராக எங்களிடம் வந்தது. அவர்களுடைய கைடு ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. என்னைக் குச்சியால் சுட்டிக்காட்டி, "குற்றவாளிக்குக் குடும்பத்தார்தான் உணவு ஊட்ட வேண்டும், இதோ பாருங்கள்" என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். அவர்கள் கைதட்டினார்கள். ஒரு கிழவர் அருகே குனிந்து, "என்ன நடிப்பு!" என்றார்.

அதில் ஒரு அம்மாள் திவ்யாவிடம் கொஞ்சலாக, "இந்த ஆள் என்ன தப்பு செய்தான்?" என்று கேட்டாள்.

திவ்யா பாதாமை மென்றுகொண்டே, "ஹீ இஸ் மை டேட். ஹீ டிட்ன்ட் டூ எனிதிங் பேட். ஹீ ஜஸ்ட் டாக்ஸ் டூ மச்" என்றாள்.

கைடு மகிழ்ந்துபோய், "பார்த்தீர்களா? வாயாடிகளுக்கும் இதே தண்டனைதான்" என்றாள். கூட்டம் மறுபடியும் கைதட்டியது. கீதா திரும்பி நின்றுகொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து நான், "கீதா, பயப்படாதே" என்றேன். அவள் அழவில்லை.

அப்போதுதான் கற்களின் மேல் தடதடவென்று ஒரு தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. ஃபின்லாந்துக்காரர்கள் வாரக்கடைசியில் தாலினுக்கு வருவது பெரும்பாலும் பீர் வாங்க என்று கேள்விப்பட்டிருந்தேன். என் தலையைத் திருப்ப முடியாததால் முதலில் பீர்ப் பெட்டிகள் தெரிந்தன. பிறகு நீளமான இரண்டு கால்கள். பிறகு பாவோ.

அவர் நின்றார். பார்த்தார்.

"ஹலோ" என்றார்.

"ஹலோ" என்றேன்.

புறாகூட நிமிர்ந்து பார்த்தது. மாமியார் அவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த உருண்டையை என் வாயில் வைத்தார். மேனேஜர் முன்னால் மெல்லுவதா, விழுங்குவதா என்று தெரியாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன்.

"விடுமுறையா?" என்றார் பாவோ.

"ம்ம்" என்றேன். வாயில் சாதம் இருந்தது.

கீதாதான் அவரிடம் பூட்டைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். பாவோ பூட்டைப் பார்க்கவே இல்லை. மெதுவாக மறுபக்கம் நடந்து வந்தார். அங்கே கீல் இருந்தது. கீலில் சாதாரணத் திருகாணிகள். சட்டைப்பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து, முதல் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தார். இத்தனை நேரம் ஐந்து பேர் அங்கே இருந்தோம். கம்ப்யூட்டர் படித்தவன், அவன் மனைவி, கோர்ட்டைக் கட்டிக் காத்தவர், எல்லோருமே பூட்டையே முறைத்துக்கொண்டிருந்தோம்.

கடைசித் திருகாணி துருப்பிடித்து அடம்பிடித்தது. அதே நேரத்தில் கூட்டத்திலிருந்து 'ஓ' என்று ஒரு சத்தம். தலைவெட்டி திரும்பி வந்துகொண்டிருந்தார். முகமூடி நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது. தோளில் ஒரு ஆள் நீளத்துக்கு மரம் அறுக்கும் ரம்பம். என் கழுத்தைக் குறி வைத்து வேகமாக வந்தார். (பூட்டை அறுக்கத்தான். ஆனால் அந்தக் கோணத்தில் எனக்கு அது உறுதியாகத் தெரியவில்லை.)

இங்கேதான் என் மாமனார் செயலில் இறங்கினார். அதுவரை என்னை விட்டுவிட்டுக் கப்பலேறலாம் என்று சொன்ன அதே மனிதர், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ரம்பத்துக்கும் எனக்கும் நடுவே போய் நின்றார். வேட்டி மழையில் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. கோர்ட்டில் பேசும் ஆங்கிலத்தில், சதுக்கமே கேட்கும்படி முழங்கினார்.

"ஸ்டாப்! ஐ ஸ்டாண்ட் ஷ்யூரிட்டி ஃபார் திஸ் மேன்! ஹீ இஸ் மை சன்-இன்-லா! ஹீ வில் நாட் அப்ஸ்காண்ட்!"

தலைவெட்டி திகைத்து நின்றார். அந்த ஆங்கிலம் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் எதிரே நிற்பது ஒரு மாமனார் என்பது புரிந்திருக்க வேண்டும். ரம்பத்தை மெதுவாகக் கீழே இறக்கி, தொப்பி இல்லாத தலையில் தொப்பியை எடுப்பது போல அபிநயித்து, இடுப்பு வரை குனிந்து வணங்கினார். அந்தக் கணத்தில் கீல் கழன்றது. பாவோ ஒரு பக்கம், மாமனார் ஒரு பக்கம் பிடித்து மேல்பலகையைத் தூக்கினார்கள். நான் வெளியே வந்து, முதல் காரியமாக மூக்கைத் துடைத்துக்கொண்டேன். வளைவுக்குக் கீழே எழுந்த கரகோஷம் மாதிரி என் வாழ்க்கையில் வேறெதற்கும் கேட்டதில்லை.

பிறகு ஓட்டம். கல் தெருவில் மாமியாரால் ஓட முடியவில்லை. பாவோ பாதி பீர்ப் பெட்டிகளைத் தூக்கித் தலைவெட்டியின் கையில் கொடுத்துவிட்டு, தள்ளுவண்டியைக் காட்டினார். மாமியார் முதலில் மறுத்தார். பிறகு திவ்யாவை மடியில் வைத்துக்கொண்டு, மிச்சப் பீர்ப் பெட்டிகள் மேல் கம்பீரமாக உட்கார்ந்தார். கொங்கு நாட்டிலிருந்து புறப்பட்டு, பீர் மேல் அமர்ந்து தாலின் கோட்டை வாசலைக் கடந்த முதல் பெண்மணி அவராகத்தான் இருப்பார். நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு ஓடினேன். கோபுரங்களைத் தாண்டும்போது ஒரு வார்த்தைகூட விளக்கம் சொல்லவில்லை.

கப்பலைப் பிடித்துவிட்டோம். பாவோ எங்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். மாமியார் நன்றிக்கடனாக மிச்சமிருந்த சாதத்தை அவருக்குக் கொடுத்தார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். ஹெல்சின்கியில் இறங்கியதும், "திங்கட்கிழமை சோதனை" என்றார். நான் அவமானத்தில் தலையாட்டினேன். திங்கட்கிழமை ஆபீசில் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவர் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை என்று மெல்ல மெல்லப் புரிந்தது. சோதனை முடிந்து நான் ஊருக்குக் கிளம்பிய அன்று மட்டும் கை குலுக்கிவிட்டு, "அந்த மஞ்சள் சாதம் நன்றாக இருந்தது" என்றார். என்னிடம் அவர் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான்.

அந்த மௌனத்தை என் குடும்பத்திடம் எதிர்பார்க்க முடியுமா? பிளெய்ன்ஸ்பரோவுக்குத் திரும்பிய வாரத்திலேயே ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில் கீதா கதையைச் சொல்லிவிட்டாள். என்னைப் பார்த்ததும் கழுத்தைத் தடவிக்காட்டாத தமிழர் அந்த அபார்ட்மென்டில் இல்லை. சில வருடம் கழித்துப் பள்ளியில் இடைக்காலத் தண்டனைகளைப் பற்றிப் பாடம் வந்தபோது, திவ்யா எழுந்து நின்று தன் அப்பா அதில் நேரடி அனுபவமுள்ளவர் என்று சொல்ல, டீச்சர் என்னை வகுப்புக்கே வரவழைத்துவிட்டார்.

ஆனால் பெரிய சேதம் ஈரோட்டில்தான். மாமனார் ஊருக்குத் திரும்பியதும் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார். கோர்ட்டுக்காரர் பாஷையில் சுருக்கியதில், "நம்ம மாப்ள ஐரோப்பாவுல கொஞ்ச நேரம் உள்ள இருந்தாருங்க. நாந்தான் ஜாமீன் நின்னு வெளிய கொண்டு வந்தேன்" என்று ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் என்பது உறவினர் வீடுகளைச் சுற்றி வருவதற்குள் கொஞ்ச நாளாகி, பிறகு கொஞ்ச மாதமாகியிருக்கிறது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் ஒருவர், முன்பின் தெரியாதவர், என் கையைப் பற்றிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அங்க உள்ளாற சாப்பாடெல்லாம் எப்படிங்க?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஐயா, அது ஜெயில் இல்லீங்க. தாலின்னு ஒரு ஊருங்க. இடைக்காலத்துல அங்க வணிகர்கள் எல்லாம் சேர்ந்து..." என்று தொடங்கினேன்.

எதிர்ப் பந்தியிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்.

"சாப்பாட்டுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. நாந்தான் ஊட்டிவிட்டேன்."

பெரியவர் நிம்மதியாக என் இலையைப் பார்த்தார். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, எனக்கு இன்னொரு கரண்டி சாதம் போடச் சொன்னார்.